ஃபைபர் கிளாஸ் பாடி காரை வீட்டில் மீட்டெடுப்பது: எங்கெங்கே வேலை சறுக்கும், எப்படி மீள்வது?

இரும்பு பாடி காரில் கோளாறு எங்கே என்பதைத் துருவே காட்டிக்கொடுத்துவிடும். ஃபைபர் கிளாஸ் பாடியில் வெளியே மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும், அவ்வளவுதான். அதற்குக் காரணமான இடம் ஓர் அடி தள்ளி, பேனலின் பின்பக்கத்தில், துருப்பிடித்து வீங்கிய ஓர் இரும்புப் பட்டையிலோ அளவுக்கு மீறி முறுக்கப்பட்ட ஒரு போல்ட்டிலோ இருக்கும். விரிசலைப் பட்டி போட்டு மூடி, பெயின்ட் அடித்து, பளபளப்பாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சில மாதங்களில் அதே விரிசல் அதே இடத்தில் எட்டிப்பார்க்கும். பலர் இந்தக் கட்டத்தில்தான் மனம் வெறுத்துக் காரைத் துணி போட்டு மூடிவிடுகிறார்கள்.

அப்படி மூட வேண்டியதில்லை. இந்த வேலையில் வரும் சறுக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே வரிசை தப்புவதால் வருபவை. பின்பக்கத்தைப் பார்க்கும் முன் முன்பக்கத்தைத் தொடுவது, ஒன்று இறுகும் முன் அடுத்ததைப் பூசுவது, பாடியை அதன் இடத்தில் உட்காரவைக்கும் முன் கதவைச் சரிசெய்வது ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப ஆளைக் கவிழ்க்கின்றன. கீழே உள்ள படிகள் அந்த வரிசையைக் காப்பாற்றும் விதமாகவே அமைந்திருக்கின்றன.

படி 1: உங்கள் காரின் பாடி எந்த வகை?

1953இல் வந்த முதல் செவர்லே கார்வெட், லோட்டஸ் எலான், ரிலையன்ட் சிமிட்டர், சிபானி டால்ஃபின் எல்லாவற்றையும் ஃபைபர் கிளாஸ் கார் என்றே சொல்கிறோம். ஆனால் அமைப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. 1957இல் அறிமுகமான லோட்டஸ் எலீட்டுக்குத் தனி சேஸிஸே கிடையாது. ஃபைபர் கிளாஸ் ஓடுதான் காரைத் தாங்குகிறது. அதற்குப் பின் வந்த எலானில் நடுவே முதுகெலும்பாக இரும்பு சேஸிஸ், மேலே ஃபைபர் கிளாஸ் பாடி. முதல் வகையில் ஒரு விரிசல் என்பது காரின் பலத்தையே தொடுகிற விஷயம். இரண்டாவது வகையில் பாடி நன்றாக இருந்தும் அடியில் சேஸிஸ் செல்லரித்துப் போயிருக்கலாம். பாடி துருப்பிடிக்காது என்ற தைரியத்தில் அடிப்பக்கம் குனிந்து பார்க்காமல் வாங்கிவிடுபவர்கள் நிறைய. ஸ்க்ரூடிரைவரால் சேஸிஸின் மூலைகளையும் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களையும் குத்திப் பார்த்த பிறகே பாடிக்கு வாருங்கள்.

அடுத்து, கையால் அடுக்கிச் செய்த பாடியா, அச்சில் அழுத்திச் செய்த எஸ்.எம்.சி. (ஷீட் மோல்டிங் காம்பவுண்ட்) பேனலா என்று பாருங்கள். கையால் செய்ததன் பின்பக்கம் முரடாக, இழைகள் தெரியும்படி இருக்கும். எஸ்.எம்.சி. பேனல் இரு பக்கமும் வழவழப்பாக இருக்கும். இழைகளைப் பிணைத்து இறுகும் பிசினான சாதாரண பாலியெஸ்டர் ரெசின் எஸ்.எம்.சி.யில் சரியாகப் பிடிக்காது. அதற்கு இன்னொரு வகை ரெசினான எபாக்சியோ எஸ்.எம்.சி.க்கென்றே வரும் பசையோ வேண்டும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பின்னால் ஒட்டு தோல் மாதிரி உரிந்து வரும் கொடுமை இல்லை.

பிறகு ஒரு நாணயத்தை எடுத்துப் பாடி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஓசை மந்தமாகும் இடத்தில் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. விரிசல்களின் வடிவமும் நிறையச் சொல்லும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலப் பிரிந்தால் அங்கே அடி பட்டிருக்கிறது. பெரும்பாலும் டயர் தெறித்த கல் உள்ளிருந்து மோதியிருக்கும். இணைகோடுகளாக ஓடினால் அந்தப் பேனல் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. பின்னால் தாங்கல் போதவில்லை. போல்ட் துளையைச் சுற்றி வந்தால் முறுக்கம் அதிகம். வலைப்பின்னலாக மேலே மட்டும் படர்ந்திருந்தால் அது பாடியின் வெளிப்புற ரெசின் பூச்சான ஜெல்கோட்டின் முதுமை. ஒவ்வொன்றையும் படமெடுத்து, காரணம் என்று நீங்கள் நினைப்பதைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். இந்தக் குறிப்புப் புத்தகம்தான் பின்னால் வழி காட்டும்.

படி 2: உடம்பைக் காப்பது

கிளாஸ் தூசி தோலில் அரிப்பைத் தரும், நுரையீரலுக்குக் கெடுதல். அரைக்கும்போது பி3 தரத் தூசி வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். ரெசினில் உள்ள ஸ்டைரீன் ஆவிக்குத் தூசி முகமூடி போதாது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் தனியாக வேண்டும். வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

பாலியெஸ்டர் ரெசினை இறுகவைக்கும் எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் அந்த நொடியே ஓடும் நீரில் கழுவத் தொடங்கி, குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். ரெசினோடு, இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியாக வந்திருந்தால் அதை முதலில் ரெசினில் கலந்துவிடுங்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம். கலந்து மீந்த ரெசின் டப்பாவில் குவியலாக இருந்தால் தானே சூடேறிப் புகையும்; தீயும் பிடிக்கும். அதை வெளியே தட்டையான இடத்தில் மெல்லிசாகப் பரப்பி இறுகவிட்ட பின்பே குப்பையில் போடுங்கள்.

படி 3: பாடியைச் சேஸிஸிலிருந்து பிரிப்பது

முதல் பெரிய தடை இங்கே காத்திருக்கும்: கழலாத போல்ட். இரும்பு காரில் டார்ச்சால் சூடுபடுத்திக் கழற்றிவிடலாம். இங்கே தீயைக் காட்டினால் சுற்றியுள்ள ரெசின் எரியும், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் பலமிழக்கும். துரு இளக்கும் எண்ணெயைச் சில நாட்கள் விட்டுவிட்டு ஊற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போல்ட்டின் தலையைத் துளையிட்டு எடுத்துவிடுங்கள். போல்ட் போனால் வேறு போல்ட் வாங்கலாம். ஃபைபருக்குள் பதித்த நட்டே சேர்ந்து சுற்றினால் பலம் காட்டாதீர்கள். பின்பக்கத்தில் ஒழுங்கான ஒரு துண்டை வெட்டி எடுத்து, நட்டைப் பிடித்து, வேலை முடிந்ததும் அதே துண்டை வைத்து, ரெசினில் நனைத்த இழை லேயர் போட்டு மூடலாம். வெட்டுவதற்கு மனம் வராதுதான். ஆனால் நேராக வெட்டிய துளையை ஒரு பொழுதில் மூடலாம், பிய்த்தெடுத்த துளை நாட்களைத் தின்றுவிடும்.

தூக்குவதற்கு முன் கதவுத் திறப்புகளில் சதுர இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து, கீல் மாட்டும் துளைகளுக்கும் பூட்டு மாட்டும் துளைகளுக்கும் நடுவே போல்ட் போட்டு இறுக்குங்கள். மூலைக்கு மூலை அளவெடுத்து அந்த அளவை அந்தக் குழாயின் மேலேயே எழுதிவிடுங்கள். சேஸிஸை விட்டு வந்த பாடி தன் உருவத்தைத் தானே காக்காது. இரண்டே இரண்டு ஸ்டாண்டுகளில் வெயில் காலம் முழுக்க வைத்தால் மெல்லத் தொய்ந்து அப்படியே நிலைத்துவிடும். சேஸிஸில் எந்தெந்த இடங்களில் உட்கார்ந்திருந்ததோ அதே இடங்களில் கீழே தாங்கல் கொடுக்க வேண்டும்.

பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே சில இடங்களில் மெல்லிய தகடுகள் செருகப்பட்டிருக்கும். ஏதோ குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் கதவு இடைவெளியைச் சரிசெய்ததே அவற்றை வைத்துத்தான். எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி, தனித்தனிப் பையில் கட்டுங்கள்.

படி 4: பழைய பெயின்ட்டை உரிப்பது

இரும்புக்கு விற்கும் பெயின்ட் ரிமூவர் ஜெல்கோட்டுக்குள்ளும் இறங்கும், ரெசினை மென்மையாக்கும், மீந்து நின்றால் பல வாரம் கழித்துப் புதிய பெயின்ட்டைக் கொப்புளமாகக் கிளப்பும். மணல் பிளாஸ்டிங் இழைகளையே கிழித்துவிடும். ஹீட் கன்னும் வேண்டாம். கூரான பிளேடால் தட்டையாகச் சுரண்டுவதும், 120 உப்புத்தாள் போட்ட சாண்டரும்தான் வழி. சலிப்பான வேலை, ஆனால் ஒவ்வோர் அங்குலத்தையும் கண்ணால் பார்க்கிற வேலை. பழைய ஆக்ஸிடென்ட்டுகளும் அவசரப் பட்டிகளும் இங்கேதான் வெளிப்படும். உப்புத்தாள் தொடும் முன் மெழுகும் கிரீஸும் போகும்படி துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாலிஷில் உள்ள சிலிகானை நீங்களே தேய்த்து உள்ளே ஏற்றுவீர்கள். இழைகள் வெளித்தெரியும் இடத்தில் தண்ணீர் வைத்துத் தேய்க்காதீர்கள். நீர் இழை வழியாக ஊறிக்கொள்ளும்.

படி 5: விரிசலைச் சரிசெய்வது

முதலில், குறித்துவைத்த காரணத்தைத் தீர்க்கவேண்டும். பின்னால் துருப்பிடித்த பட்டை இருந்தால் அதை வெட்டி எடுத்து மாற்றுங்கள். தாங்கல் போதாவிட்டால் பின்பக்கம் ஒரு விலா போல லேயர் கட்டுங்கள். அதற்குப் பிறகே விரிசல்.

விரிசலின் மேல் 80 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். ஜெல்கோட் ஏறக்குறைய அரை மி.மீ. கனம்தான். தேய்க்கத் தேய்க்க விரிசல் மறைந்துவிட்டால் பாதிப்பு மேலோடு முடிந்தது. அந்த இடத்தை மட்டும் அகற்றி மெல்லிய கண்ணாடி இழை டிஷ்யூவும் ரெசினும் வைத்தால் போதும். கீழே வெண்ணிறக் கோடு தொடர்ந்தால் இழைகள் அறுந்திருக்கின்றன. அப்போது முழு வைத்தியம்தான்.

விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், அது மேலும் ஓடாது. வெளிப்பக்கம் தட்டையான ஒரு தகட்டில் பேக்கிங் டேப் ஒட்டி, பேனல் நேராக நிற்கும்படி பிடித்துவையுங்கள். இப்போது பின்பக்கம் வாருங்கள். 40 அல்லது 60 உப்புத்தாளால், விரிசலை நோக்கிச் சரிவாக இறங்கும்படி அரையுங்கள். கனத்தைப் போல 12 மடங்கு அகலம் நல்ல கணக்கு. 3 மி.மீ. கனமுள்ள பேனல் என்றால் விரிசலின் ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. சரிவு. இவ்வளவு பரப்பா என்று தோன்றும். புதிய அடுக்கு பழையதோடு வேதியியலாக ஒன்றாவதில்லை, பிடிப்பினால் மட்டுமே நிற்கிறது. அதனால் பரப்புதான் பலம். அரைத்த இடத்தில் எங்காவது பளபளப்பு மிச்சமிருந்தால் அங்கே பிடிக்காது, மறுபடி அரையுங்கள்.

மேட்டை (கண்ணாடி இழை விரிப்பை) கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். ஓரம் பிசிறாக இருந்தால் படிப்படியாகக் கலந்துவிடும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு சுமார் 1 மி.மீ. கனம் தரும். மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை ரெசின் வேண்டும். அதைக் கண்ணளவில் ஊற்றாமல் தராசில் நிறுங்கள். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் கேட்டலிஸ்ட். உற்பத்தியாளர் டப்பாவில் வேறு அளவு சொன்னால் அதுவே சட்டம். பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளையாக இருந்த மேட் கண்ணாடிபோல ஆகும். எங்காவது வெள்ளை நின்றால் அது காற்று, ரோலரால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள். ஒரே மூச்சில் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். கனம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் சுருங்கி வெடிக்கும்.

மறுநாள் வெளிப்பக்கத் தகட்டை எடுத்துவிட்டு, விரிசலை வி வடிவில், பின்னாலிருந்து போட்ட புதிய அடுக்கு தெரியும் வரை அரைத்துத் திறந்து, அங்கும் மேட்டும் ரெசினுமாக நிரப்புங்கள். கடைசி அடுக்கு மெல்லிய டிஷ்யூ. மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தினால் பட்டிக்கு இடமிருக்கும். பட்டியின் வேலை வழவழப்பாக்குவது. பலம் கொடுப்பதை அதனிடம் எதிர்பார்த்தவர்கள்தான் மறுபடி மறுபடி அதே விரிசலைப் பார்க்கிறார்கள்.

பாலியெஸ்டரா எபாக்சியா என்று கேட்பீர்கள். பழைய பாடியைப் பிடித்துக்கொள்வதில் எபாக்சிதான் மேல். பலம் தாங்கும் இடங்களில் நான் அதையே சொல்வேன். ஆனால் சாதாரண மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. எபாக்சி என்றால் நெய்த துணி வாங்குங்கள். ஏற்கெனவே இருக்கும் பாலியெஸ்டர் பாடியின் மேல் எபாக்சி வைப்பதில் சிக்கல் இல்லை. எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் வைத்தால் பல சமயம் சரியாக இறுகாது, பிடிக்காது. எந்த இடத்துக்கு எது என்று முதல் நாளே முடிவெடுத்துவிட வேண்டும்.

ரெசின் இறுகவில்லை என்றால்

இந்தச் சறுக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், பதற வேண்டாம். முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். மேலே பிசுபிசுப்பு, அடியில் கெட்டி என்றால் அது கோளாறே இல்லை. அடுக்கு போடுவதற்கான லேமினேட்டிங் ரெசினின் மேற்பரப்பு காற்றில் பட்டால் அப்படித்தான் இருக்கும். அடுத்த அடுக்கை அதன்மேல் தாராளமாக வைக்கலாம். கடைசி அடுக்குக்கு மட்டும் மெழுகு கலந்த ரெசின் போட்டால் பிசுபிசுப்பு நீங்கும். ஆனால் மெழுகுள்ள அடுக்கின் மேல் வேறு எதையும் வைக்கும் முன் நன்றாகத் தேய்த்தாக வேண்டும்.

ஒரு நாள் கழித்தும் நகம் உள்ளே பதிந்தால், ஸ்டைரீன் நாற்றமும் குறையாவிட்டால், உண்மையாகவே இறுகவில்லை. குளிரில் வேலை செய்திருந்தால், 15 டிகிரிக்குக் கீழே ரெசின் தூங்கிவிடும். விளக்கு வைத்து 40 டிகிரி அளவுக்கு இளஞ்சூடு கொடுத்துச் சில மணி நேரம் பாருங்கள். கேட்டலிஸ்டே விட்டுப்போயிருந்தாலோ சரியாகக் கலக்காமல் திட்டுத்திட்டாக இருந்தாலோ சூடு உதவாது. மேலே கேட்டலிஸ்டைப் பூசினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது உள்ளே இறங்காது. முழுவதையும் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, அது ஆவியாகும் வரை காத்திருந்து, மறுபடி அரைத்து, புதிதாகத் தொடங்குங்கள். ஒரு நாள் போகும். அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் பிறகு எடுக்க நேர்ந்தால் மாதங்கள் போகும். அவசரமாக இறுகிப் பழுப்பேறி வெடித்துப்போன அடுக்குக்கும் இதே தண்டனைதான்.

படி 6: கதவு இடைவெளி

பாடியைச் சேஸிஸில் திரும்ப உட்காரவைத்து, தகடுகளைச் செருகி, போல்ட்டுகளைப் போட்டு, கார் தன் சக்கரங்களில், எஞ்சினின் பாரத்தோடு நிற்கும்போது மட்டுமே கதவு இடைவெளியைப் பாருங்கள். எஞ்சின் இன்னும் வரவில்லை என்றால் அதன் எடைக்கு மூட்டைகளை வையுங்கள். ஸ்டாண்டில் இருக்கும்போது அழகாகப் பொருந்திய கதவு தரையில் இறக்கியதும் இடிக்கும். ஸ்டாண்டில் வைத்தே ஓரத்தை அரைத்துவிட்டவர் மறுபடி அதைக் கட்டியெழுப்ப வேண்டும். முதலில் தகடுகள், பிறகு கீல்கள். ஓரத்தை அரைப்பதும் சேர்ப்பதும் கடைசி.

படி 7: பெயின்ட்

வெயிலில் நிற்கும் அடர் நிறக் காரின் மேற்பரப்பு சாதாரணப் பாலியெஸ்டர் இளகத் தொடங்கும் சூட்டை நெருங்கிவிடும். முழுதாக இறுகாத ஒட்டு அப்போது மேலும் சுருங்கும். ஒட்டின் ஓரமும் மேட்டின் இழையும் பளபளக்கும் பெயின்ட்டில் வரைபடமாகத் தெரியும். தடுக்க வழி உண்டு. ஒட்டுப்போட்ட பாடியை 40 டிகிரியில் 16 மணி நேரம் வைத்தால் பெரும்பகுதி சுருங்கல் முடிந்துவிடும். அந்த வசதி இல்லாதவர்கள் பிரைமர் அடித்த காரைச் சில வாரங்கள் வெயிலில் நிறுத்தி, எழும்பியதைத் தேய்த்து மட்டமாக்கிவிட்டு நிறத்துக்குப் போகலாம். காத்திருக்கும் இந்த வாரங்களைச் சேஸிஸுக்கும் வயரிங்குக்கும் கொடுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

ஊசித்துளைகளைப் பிரைமர் மூடாது. மேலே ஒரு தோலை இழுத்துவிட்டு மறுநாள் மறுபடி திறக்கும். ஊசியால் அகலப்படுத்தி, மெல்லிய பட்டியை விரலால் அழுத்தி உள்ளே ஏற்றுங்கள். பெயின்ட் மீன்கண் போல விலகினால் சிலிகான். நிறுத்தி, காயவிட்டு, தேய்த்து, துடைத்து மறுபடி அடியுங்கள். கொப்புளம் வந்தால் உள்ளே நீரோ தின்னரோ சிக்கியிருக்கிறது. கொப்புளம் வந்த இடம் முழுவதையும் இழை வரை திறந்து, பல நாட்கள் உலரவிட வேண்டும். ஹார்டனரில் ஐசோசயனேட் உள்ள 2கே (இரு பகுதிகளைக் கலந்து அடிக்கும்) பெயின்ட்டை, வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் வீட்டில் அடிக்காதீர்கள். நிறம் அடிப்பதை மட்டும் பெயின்ட் பூத் உள்ளவரிடம் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

படி 8: எர்த்

கார் முடிந்துவிட்டது, விளக்கு மங்கலாக எரிகிறது, பெட்ரோல் மீட்டர் தாறுமாறாகக் காட்டுகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. பல்பையும் மீட்டரையும் மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஃபைபர் கிளாஸ் மின்சாரம் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் மோட்டாருக்கும் சேஸிஸ் வரை தனி எர்த் வயர் வேண்டும். சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் செய்திருந்தால் பழைய எர்த் புள்ளிகளெல்லாம் மூடியிருக்கும். அங்கே மட்டும் சுரண்டி வெறும் உலோகம் தெரியவைத்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கும் தடித்த ஒரு பட்டை போக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் கிளட்ச் கேபிள் வழியாக வழி தேடி அதைச் சுட்டுவிடும். பெட்ரோல் ஊற்றும் கழுத்து உலோகமாக இருந்தால் அதற்கும் எர்த் கொடுங்கள், பொறி பறக்காது. ரேடியோவில் எஞ்சின் இரைச்சல் கேட்டால் அதற்கும் காரணம் இதுவே: இரும்பு பாடி போல மறைக்கும் திரை இங்கே இல்லை. பழைய கார்வெட்டுகளில் இக்னிஷனைச் சுற்றி உலோக மூடிகள் வைத்தது இதற்காகத்தான். உங்கள் காரில் அவை இருந்து, கழற்றி ஓரமாக வைத்திருந்தால், திரும்ப மாட்டுங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பாடி போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். ரப்பர்கள் அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். அகலமான வாஷர், நடுவே உலோகக் குழல் இருக்கிறதா என்று பார்த்து, குழல் முறுக்கத்தை ஏற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கீச்சென்று ஃபைபர் நசுங்கும் ஓசை கேட்டால் அங்கேயே நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி, குழல் அளவு குறைவாக உள்ளதா என்று பாருங்கள்.